இரண்டு எண்ணிக்கை மௌனம்

ஜூலை 6, சனி

ஏதோ நடக்கிறது. என்னவென்று இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார். அதில் பதினெட்டு வருஷம் பொதுத்தேர்வுப் பறக்கும் படை. ஹாலுக்குள் கால் வைத்ததுமே எந்தப் பெஞ்சில் பிட் இருக்கிறது என்று எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். இன்று சாயங்காலம் ஆலயத்துப் படியேறும்போது அதே வியர்வை. பாடகர் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனதும் உதடுகள் அசைகின்றன, சத்தம் இல்லை. வகுப்புக்குள் வாத்தியார் நுழைந்தால் இப்படி இருக்கும். இங்கே நான் வாத்தியார் இல்லை. முப்பத்துநான்கு வருஷமாக டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன்.

புதுப் பாட்டு ஒன்று வந்திருக்கிறது. கிங்ஸ்லி மாஸ்டர் இசையமைத்தது. அயர்லாந்தில் எட்டு வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி, போன வருஷம் எங்கள் குழுவுக்குப் பொறுப்பேற்றவர். அங்கே பழைய கெல்ட் ஜனங்கள் ஒருவரையொருவர் வழியனுப்பும்போது சொல்லும் ஆசீர்வாதங்கள் உண்டாம். அந்தச் சாயலில் தமிழில் தானே எழுதி, நாலு குரலுக்கும் பிரித்திருக்கிறார். செப்டம்பர் எட்டாம் தேதி பிரதிஷ்டைப் பண்டிகை ஆராதனையின் முடிவில் பாட வேண்டும்.

கரை சேர்ந்த படகின் சமாதானம் உன்னோடிருப்பதாக,
மழை விட்ட பாறையின் சமாதானம் உன்னோடிருப்பதாக,
சாம்பல் மூடிய நெருப்பின் சமாதானம் உன்னோடிருப்பதாக

என்று போகிறது. சமாதானப்பிரபுவாகிய இயேசு கடைசி வரியில்தான் வருகிறார். அதுவரை படகும் பாறையும். ஆராதனையா, பிக்னிக்கா?

ஜூலை 10, புதன்

கேட்டேவிட்டேன்.

"மாஸ்டர், சாம்பல் மூடின நெருப்புன்னா நம்ம ஊர்ல அது பகை. உள்ளுக்குள்ள கனன்னுக்கிட்டே கெடக்கும். அது எப்படி சமாதானம் ஆகும்?"

கிங்ஸ்லி சிரித்தார். ஏதோ பதில் சொன்னார். முனகினார் என்பதே சரி. மனிதர் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வயலட்தான் விளக்கினாள். வயலட் என் மனைவி. குழுவில் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல். அந்தக் குளிர் நாட்டில் படுக்கப் போகும் முன் அடுப்புக் கனலைச் சாம்பல் போட்டு மூடுவார்களாம். விடிந்ததும் ஊதினால் பற்றிக்கொள்ளும். நெருப்பு வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்களாம்.

இவளுக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்? எல்லாரும் ஒரே நேரத்தில்தானே கேட்டோம்.

ஜூலை 13, சனி

தொடக்க வரியை வயலட் தனியாகப் பாட வேண்டும் என்று மாஸ்டர் அறிவித்தார். எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். ஆல்டோ என்பது குழம்பில் போட்ட மஞ்சள் மாதிரி. இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். முப்பது வருஷத்தில் அவளுக்கு இதுதான் முதல் தனிவரி. முகம் சிவந்துவிட்டது.

பாட்டில் ஒரு குசும்பு இருக்கிறது. கடைசி வரிக்கு முன் நாலு குரலும் ஒரே வெட்டாக நிற்க வேண்டும். இரண்டு எண்ணிக்கை மௌனம். பிறகு எல்லாரும் சேர்ந்து "சமாதானப்பிரபுவின்." இன்று மூன்று தடவை அந்த இடத்தில் மாஸ்டர் கையை ஆட்டி நிறுத்தினார். மற்றவர்கள் சீக்கிரமே வாயை மூடிவிடுகிறார்கள். நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தது போல ஆகிவிட்டது.

ஜூலை 17, புதன்

காலிங் பெல்லுக்குப் பாட்டரி மாற்றினேன். மட்டமான பாட்டரி. இன்னமும் அடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

தனிவரி வேண்டாம் என்று வயலட் சொல்லிவிட்டாள். தொண்டை சரியில்லையாம். அதை இன்னொரு ஆல்டோவான ஹெப்சி டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். தொண்டை சரியில்லாதவள் மத்தியானம் கோழிக்குழம்பை மூன்று அகப்பை ஊற்றிச் சாப்பிட்டாள்.

இன்னொன்று. நிற்கிற வரிசையை மாஸ்டர் மாற்றியிருக்கிறார். ஆல்டோக்கள் டெனருக்குப் பின்னால். வயலட் சரியாக என் முதுகுக்குப் பின்னால், இடது பக்கமாக. என் பக்கத்தில் ரூபன். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன், முப்பத்தைந்து வயது, ஜனவரியில் சேர்ந்த புது டெனர். நல்ல குரல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஜூலை 25, வியாழன்

போன் வந்தால் வயலட் அதை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போகிறாள். அடுக்களை ஜன்னலிலிருந்து உதட்டைப் பார்த்தேன். "கிங்ஸ்லி" என்று இரண்டு தடவை.

"யாருட்டி போன்ல?"

"எங்க அக்கா."

ஜூலை 28, ஞாயிறு

பிரசங்கம் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. மைக்கை மாற்றச் சொல்லிக் கமிட்டிச் செயலாளரிடம் புகார் கொடுத்தேன். புது மைக்தான் சார், ஜூன் மாசம் வாங்கினது என்கிறார். வேறு ஒருத்தரும் புகார் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வார்கள்? பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேருக்குப் பயம்.

ஆகஸ்ட் 3, சனி

பிட் சிக்கிவிட்டது.

எங்கள் குழுவில் ஒருவருக்கும் ஐந்து கோட்டு நொட்டேஷன் தெரியாது. மிஷனரிமார் காலத்திலிருந்தே டோ, ரே, மி என்ற எழுத்துகளில்தான் பாட்டு. ஒவ்வொருவரும் தன் குரலுக்குரிய வரியை மட்டும் தன் கையால் நகலெடுத்து வைத்துக்கொள்வோம். சொப்ரானோ டெனரை எழுத மாட்டாள். டெனர் பேஸை எழுத மாட்டான். யாருக்கு அவ்வளவு பொறுமை?

இன்று பேனா தேடி வயலட்டின் பைபிள் உறையைத் திறந்தேன். நாலாக மடித்த தாள். வயலட்டின் கையெழுத்து. அந்த ஆசீர்வாதப் பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசிவரை, டெனர். என் வரி. இரண்டு எண்ணிக்கை மௌனத்தின் மேல் சிவப்பு மையில் இரண்டு புள்ளி.

ஆல்டோ பாடுகிறவள் டெனரை எதற்கு எழுதுகிறாள்? யாருக்கோ சொல்லிக்கொடுக்க. யாருக்கு? என் பக்கத்தில் நிற்கிறானே, அவனுக்கு. என்னை வெளியே தள்ளிவிட்டு அவனை நிறுத்தப் போகிறார்கள். அதற்கு என் பெண்டாட்டியே டியூஷன் எடுக்கிறாள்.

மடித்த மடிப்பு மாறாமல் திரும்ப வைத்துவிட்டேன். பறக்கும் படையில் முதல் பாடம் இது. பிட்டைப் பார்த்ததும் பிடுங்கக் கூடாது. அடிக்கிற வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்த நோட்டை யாராவது திறக்கிறார்களா என்று பார்க்க உள்ளே ஒரு தலைமுடி வைக்கிறேன். என் தலையிலிருந்து ஒன்றைத் தியாகம் செய்வது சாதாரண காரியமில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

ப்ராக்டிஸில் அந்த மௌனம் வரும்போது என் முதுகில் இரண்டு தட்டு. விரல் நுனியால். வயலட்தான். திடுக்கிட்டு வாயை மூடிவிட்டேன். மாஸ்டர் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. என் தோளுக்கு மேலே, பின்னால்.

இது ஏதோ சிக்னல். ரூபனை ஓரக்கண்ணால் பார்த்தேன். தன் பாட்டு ஃபைலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிட் அடிக்கிறவன்தான் கேள்வித்தாளை அத்தனை பக்தியோடு படிப்பான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முடி இல்லை.

சரி. இனி பார்த்துத்தான் எழுத வேண்டும். உறுதிப்படுத்த ஒரு சோதனை. உளுந்து தீர்ந்துவிட்டது. நாலு நாளாக நான் இட்லி கேட்கவும் இல்லை, யாரிடமும் உளுந்து பற்றிப் பேசவும் இல்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

உளுந்து வந்திருக்கிறது. ஒரு கிலோ.

ஆகஸ்ட் 17, சனி

எழுதவே கை வரவில்லை. அவள் படிக்கட்டும், எழுதுகிறேன்.

ப்ராக்டிஸ் முடிந்து குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன். ஐயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வயலட்டும் கிங்ஸ்லியும். அவள் கை கூப்பி நிற்கிறாள். கண்ணில் தண்ணீர். அவர் மாட்டேன் என்று தலையாட்டுகிறார். மறுபடி என்னவோ சொல்கிறாள். கடைசியில் சரி என்று தலையசைக்கிறார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. என் மனைவி முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு நாள் கைகூப்பியதில்லை. இன்னொருவனிடம் கூப்பி நின்றாள்.

குடையை எடுக்காமல் வந்துவிட்டேன். மழையில்லை, ஆனாலும் நனைந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

"சாப்பிட வாங்க அத்தான்."

"பசிக்கல."

"ரெண்டு நாளா இதத்தான் சொல்லுதிய. என்ன விஷயம்னு சொன்னாத்தான தெரியும்?"

"நீ சொல்லு, என்ன விஷயம்னு."

அவள் என் பக்கம் குனிந்து, மெதுவாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ரகசியம் பேசுகிற மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது. "முனகாதட்டி, சொல்லணும்னா சத்தமாச் சொல்லு" என்றேன். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு டெய்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயலட் எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

பிடித்துவிட்டேன். கையும் களவுமாக.

மூன்றாவது வரியில், சாம்பல் மூடிய நெருப்பில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று பின்னால் திரும்பினேன். வயலட்டின் வாய் என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பாடிக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது, டெனரின் தாளம். ஆல்டோ அந்த இடத்தில் நீட்டி நிற்கும். டெனர்தான் அசையும்.

"யாருக்குட்டி பாடம் நடத்துதே?" என்று கேட்டேன். "இவனுக்கா? இல்ல அவருக்கா?" ரூபனையும் மாஸ்டரையும் விரல் நீட்டிக் காட்டினேன். "மரத்தடியில போன். வெஸ்ட்ரிக்குள்ள கும்பிடு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?"

இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். ஆர்கன் வாசிக்கிறவர் கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டார். ரூபன் தரையைப் பார்த்தான். ஹெப்சி டீச்சர் அழுதேவிட்டாள். அவள் எதற்கு அழ வேண்டும்? வயலட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குப் போவோம் அத்தான்" என்று உதடு சொன்னது. ஃபைலைத் தரையில் போட்டுவிட்டுத் தனியாக வந்தேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். அடுக்களைக்குள் போகவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. நான் பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அத்தான்,

இது வயலட் எழுதுவது. உளுந்து எழுதியது எனக்காகத்தான் என்று தெரிந்துதான் வாங்கி வைத்தேன். நான் படிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். தெரிந்தால் கேட்பீர்கள், கேட்டால் சொல்லலாம் என்று. நீங்கள் கேட்கவில்லை.

காலிங் பெல் அடிக்கிறது. பாட்டரி நல்ல பாட்டரி. மைக்கும் நல்லது. கிங்ஸ்லி முனகவில்லை. படியில் நிற்கிறவர்கள் உங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தவும் இல்லை. ஒன்றரை வருஷமாக உங்களுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது.

ஈஸ்டர் அன்று இரண்டு பாட்டு முழுக்கச் சுருதிக்குக் கீழே பாடினீர்கள். அதன் பிறகு உங்களை எடுத்துவிடச் சொல்லி நாலைந்து பேர் மாஸ்டரிடம் போனார்கள். கூடாது என்று நான் போய் நின்றேன். யாராவது சாரின் காதுக்குப் பக்கத்தில் டெனரைப் பாடிக் கொடுத்தால் சமாளிக்கலாம் என்றார் கிங்ஸ்லி. இடது காது கொஞ்சம் பரவாயில்லை. அதனால்தான் இடது பக்கம் நிற்கிறேன். டெனரை எழுதி எடுத்து மனப்பாடம் செய்தேன். அந்த இரண்டு எண்ணிக்கையில் மட்டும் பாடிக் காட்ட ஒன்றுமில்லையே, அதனால் முதுகில் தட்டினேன். முன்னால் நின்று தனிவரி பாடுகிறவள் பின்னாலும் நிற்க முடியாது. ஹெப்சி நன்றாகத்தான் பாடுகிறாள்.

மரத்தடியில் போனில் பேசியதும் இதைப் பற்றித்தான். வெஸ்ட்ரியில் கும்பிட்டது, பண்டிகைக்கு மட்டுமாவது உங்களை நிற்க விடுங்கள் என்று.

ஏன் நேரே சொல்லவில்லை என்பீர்கள். மூன்று தடவை சொன்னேன். மெதுவாகச் சொன்னால் உங்களுக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கும்படி சொன்னால் டெய்சி வீட்டுக்குக் கேட்கும். இந்த விஷயத்தைப் போய் எப்படிக் கத்திச் சொல்வது? உங்களுக்கு அவமானம் வேண்டாம் என்று பார்த்தேன். நேற்று நீங்கள் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. எவ்வளவு சத்தமாகப் பேசினீர்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

நான் கோயிலுக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஒன்று எழுதலாம். வயலட்டைத் தெருவில் நிறுத்திவிட்டு நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டேன். பெல்லை அழுத்தச் சொன்னேன். பத்து வரை எண்ணினேன். கதவைத் திறந்து, "அழுத்துனியா?" என்று கேட்டேன். அவள் விரல் இன்னமும் பெல்லின் மேல்தான் இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வண்ணாரப்பேட்டையில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் கேட்காமலே நாலைந்து தடவை அமுக்கினேன். அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். பதினெட்டு வருஷம் பறக்கும் படை, கடைசியில் நானே பிட் அடித்து மாட்டிக்கொண்டேன். வயலட் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் தடவை.

இரண்டு காதிலும் மிஷின் மாட்டினார்கள். பேச்சுக்கு உடனே உதவும், பாட்டின் சுருதி பழக ஆறு மாசமாவது ஆகும் என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எவ்வளவு மெதுவாகக் கேட்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. டிரைவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

"என்கிட்ட இப்படிக் கேட்டாப் போதாது அத்தான்" என்றாள். "அங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னியள்லா."

நியாயம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

ப்ராக்டிஸ் தொடங்கும் முன் எல்லார் முன்னாலும் நின்றேன். வாத்தியாராக எத்தனையோ பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது.

"எனக்குக் காது கேக்கல" என்றேன். "அது எனக்குத் தெரியல. என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சு, எனக்காக அவ பாடினா. நான் அவளையும் மாஸ்டரையும் ரூபனையும் தப்பாப் பேசிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க."

கிங்ஸ்லி பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, இந்த அளவுக்குப் பேசினா கேக்குதா?"

"கேக்கு. நீங்க முனகுற ஆளு இல்லதான் மாஸ்டர். ஒரு காரியம் கேக்கணும். அந்த மொத வரிய அவளே பாடட்டும்."

"ஹெப்சிகிட்ட ஒரு வார்த்த கேக்கணுமே."

"கேட்டுட்டேன். அவதான் மொதல்ல சரின்னா."

"அப்ப டெனர்ல நீங்க?"

என் ஃபைலை ரூபனிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "உங்க எடத்துல நான் எப்படி சார் நிக்க?" என்றான்.

"நிக்கணும்டே. ஆனா ஃபைலப் பாத்தே பாடாத. மாஸ்டரப் பாரு."

வயலட் தன் பைபிள் உறையிலிருந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முப்பத்துநான்கு வருஷத்தில் முதல் தடவையாகப் பண்டிகையன்று சபையோடு உட்கார்ந்தேன். ஏழாவது பெஞ்ச், நடைபாதை ஓரம். மிஷினுக்குள் ஏகப்பட்ட சத்தம். மின்விசிறி கிறீச்சிடுகிறது, முன்வரிசையில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறார்கள், வெளியே அசனச் சாப்பாட்டுக்கு அண்டா இழுக்கிறார்கள். பிரசங்கம் முழுக்க விளங்கியது. இத்தனை நாள் கேட்காததில் பெரிய நஷ்டமில்லை.

முடிவில் குழு எழுந்தது. வயலட் ஓரடி முன்னால் வந்தாள். மாதுளை நிறப் பட்டுச்சேலை. கிங்ஸ்லி கையைத் தூக்கினார்.

என் ஞாபகத்தில் இருந்த குரல் வேறு. இது கனத்து, அடியில் லேசான கரகரப்போடு இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் டெனர் பாடியதால் வந்ததா, வயசா, தெரியாது. "கரை சேர்ந்த படகின்" என்று கீழே இறங்கும் இடத்தில் மூச்சு ஒருமுறை தட்டியது. அதையும் கேட்டேன். எவ்வளவு நாளாக இவள் இந்தக் குரலோடு என் வீட்டில் இருக்கிறாள்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பக்கத்திலிருந்தவர் பார்த்தார். பார்க்கட்டும்.

பாறை வந்தது. நெருப்பு வந்தது. நாலு குரலும் மேலே ஏறி, கடைசி வரிக்கு முன் ஒரே வெட்டாக நின்றன.

இப்போதுதான் அந்த மௌனத்தைக் கேட்கிறேன். விசிறிகூட அதற்குள் அடங்கிவிட்டது போல இருந்தது. முன்னால் நின்ற வயலட் என்னைப் பார்க்கவில்லை. கிங்ஸ்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஃபைலின் மேல் அவள் விரல் இரண்டு தடவை தட்டியது.

நான் வாயைத் திறக்கவில்லை.